புழுதி அடக்கப் போன தண்ணீர்

கர்சாஸ் குன்றுக்கு ராணுவம் வந்த அன்று முதலில் கைதட்டியவள் கார்டேனியா கிமீ. பிற்பாடு எத்தனையோ பேர் அதைச் சொல்லிக் குத்திக் காட்டினார்கள். அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. "ஆமா, தட்டினேன். உள்ளங்கை செவக்கச் செவக்கத் தட்டினேன். அதுக்கென்ன இப்ப?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

தட்டியதற்குக் காரணம் இருந்தது. கார்டேனியா தண்ணீர் லாரி ஓட்டுகிறவள். குவாயாகில் நகரத்துக்கு எதிர்க்கரையில், மேலே நின்று பார்த்தால் ஆறு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தும், அந்தக் குன்றில் ஒரு வீட்டுக்கும் குழாய் கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் காலி நிலத்தைப் பிடித்து மூங்கில் வீடு கட்டிய முதல் நாற்பது குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. அப்பா மிலாக்ரோ பக்கம் கரும்பு வெட்டியவர். பதினேழு வயதில் கார்டேனியா செய்த வேலை, அடிவாரத்திலிருந்து தோளில் தண்ணீர் சுமந்து மேலே ஏறுவது. இருபத்திரண்டில் வாழைத்தார் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவர் குடித்துவிட்டுப் படுத்த ஒரு நாள் வண்டியைத் தானே துறைமுகம் வரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவளை யாரும் கிளீனர் என்று கூப்பிடவில்லை. புருஷன் ஸ்பெயினுக்குப் போனவன் போனவன்தான். மகள் வளர்ந்து கீட்டோவில் வேலைக்குப் போய்விட்டாள். கார்டேனியாவுக்கு என்று இருந்தது பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் பழைய டாங்கர் லாரி ஒன்று.

ஒவ்வொரு தேர்தலுக்கும் குன்றின் அடிவாரத்தில் நீல நிறக் குழாய்கள் வந்து இறங்கும். வேட்பாளர் அதன் மேல் ஏறி நின்று பேசுவார். தேர்தல் முடிந்த மாதத்தில் ஒரு டிரெய்லர் வந்து குழாய்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடும். இப்படி நாலு தடவை நடந்தது. பிறகு கும்பல்கள் வந்தன. வாரா வாரம் அவர்களுக்குக் கட்டவேண்டிய மாமூலுக்கு அந்த ஊரில் தடுப்பூசி என்று பெயர். கட்டாவிட்டால் என்ன நோய் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கார்டேனியாவோடு பதினைந்து வருஷம் தண்ணீர் வரிசையில் நின்ற லாரிக்காரன் ஹசிந்தோவை, தண்ணீர் பிடிக்கும் இடத்திலேயே, ஸ்டியரிங்கில் கை இருக்கும்போதே சுட்டுப் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து பஸ் நிறுத்தத்தில் இரண்டு கும்பல்கள் சுட்டுக்கொண்டதில், வேலைக்குப் போக நின்றிருந்த கொலோன் என்கிற கொத்தனாருக்கு வயிற்றில் குண்டு பாய்ந்தது. உயிர் தப்பியது. குடலை வெட்டி, வயிற்றோரம் துளை போட்டு ஒரு பையை மாட்டி அனுப்பினார்கள்.

கொலோனின் மனைவி நார்சிசா, கார்டேனியாவின் மகளுக்கு ஞானஸ்நானத் தாய். அந்த உறவுக்கு அங்கே கொமாத்ரே என்பார்கள். கூடப்பிறந்தவளைவிட நெருக்கம். அடுத்து வந்த தேர்தலில் இரண்டு பேரும் சேர்ந்து போய், பாதுகாப்பு தருகிறேன் என்றவருக்கு ஓட்டுப் போட்டார்கள். குழாயைப் பற்றி அந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. வரியை ஏற்றினார்கள். சோப்பு வாங்கினாலும் வரி, டயர் வாங்கினாலும் வரி. பாதுகாப்புக்குத்தானே என்று கார்டேனியா முணுமுணுக்காமல் கொடுத்தாள். மே மாதம் ராணுவம் வந்தது. முகத்தை மூடிய சிப்பாய்கள் பாதி மலையில் இருந்த பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் போனில் வரும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அடிவாரத்தில் சோதனைச் சாவடி.

முதல் ஐந்து வாரம் நிம்மதி. தடுப்பூசிக்காரர்கள் கண்ணில் படவில்லை. கார்டேனியா சாவடியில் நின்ற சிப்பாய்களுக்குக் காபியும், வாழைக்காயை இடித்து உருட்டிய போலோனும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆறாவது வாரம் வேறு ஏதோ ஊரில் ஒரு தண்ணீர் டாங்கருக்குள் துப்பாக்கிகள் பிடிபட்டன. மறுநாளே உத்தரவு வந்தது. முத்திரை வைத்த அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த டாங்கரும் குன்றில் ஏறக்கூடாது. சாவடிக்கு அரை கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் நிற்கவும் கூடாது.

குன்றுக்குப் பதினொரு லாரிகள் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தன. பதினொரு பேரும் மனுப் போட்டார்கள். சீட்டு வந்தது கார்டேனியாவுக்கு மட்டும். அதில் இப்படித் தட்டச்சு செய்திருந்தது: சேருமிடம், முகாம் மட்டும்.

தண்ணீர் பிடிக்கும் இடத்திலேயே ஒரு சார்ஜெண்ட் நின்று அவள் வண்டியின் வால்வுக்குக் கம்பி சுற்றி ஈயச் சீல் வைப்பார். முகாமுக்குப் போனபிறகு இன்னொருவர் வந்து வெட்டுவார். ஒரு நாளைக்கு இரண்டு நடை. சிப்பாய்கள் குளிக்க, சமைக்க, கவச வண்டிகளைக் கழுவ. போகிற வழி முழுக்க வீடுகள். வீட்டு வாசல்களில் காலி டிரம்கள். ஏற்றத்தில் முதல் கியரில் லாரி முனகிக்கொண்டு ஏறும்போது உள்ளே தண்ணீர் அலம்புவது தெருவெல்லாம் கேட்கும்.

"போகுது பாருடி மகாராணி ஊர்வலம்!" என்று மூன்றாம் நாளே கத்தினாள் எலோய்சா. தெருமுனையில் துணி தைக்கிறவள். நாக்கும் ஊசி. "ஏ கார்டேனியா! உன் வீட்டுப் பட்டாளம் நல்லா முதுகு தேச்சுக் குளிக்குதா? சோப்பு கீப்பு பத்தலைன்னா சொல்லு, வசூல் பண்ணித் தர்றோம்!"

கார்டேனியா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். வெயில் நேரத்தில் அந்த கேபின் அடுப்பு மாதிரி. இருந்தும் இறக்கவில்லை.

உடம்பில் வலு இருந்தவர்கள் அரை கிலோமீட்டர் நடந்து, அங்கே நின்ற லாரிகளில் கேனில் பிடித்து, சாவடியில் மூடியைத் திறந்து காட்டி, படியேறி வந்தார்கள். முடியாதவர்கள் பாட்டில் தண்ணீர் வாங்கினார்கள். நாலாம் நாள் அடிவாரக் கடையில் பாட்டிலும் தீர்ந்தது. ஆறாம் நாள் மாலை, சாவடிக்கு அரை கிலோமீட்டர் தள்ளி லாரியை நிறுத்திவிட்டு நடந்து வந்த கார்டேனியா, நார்சிசா வீட்டில் நுழைந்தாள். வாசலிலேயே வாடை முகத்தில் அடித்தது. கட்டிலில் கொலோன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நார்சிசா ஒரு கோப்பைத் தண்ணீரில் துணியை நனைத்து, துளையைச் சுற்றித் துடைத்து, அதே தண்ணீரில் மறுபடி நனைத்துக்கொண்டிருந்தாள்.

"அதே தண்ணியிலயா கொமாத்ரே?"

"வேற எங்க இருக்கு? நீ வச்சிருக்கியா?" நார்சிசா திரும்பிப் பார்க்கவில்லை. "காலையில இருந்து காய்ச்சல். சுத்தி செவந்து கெடக்கு. தொட்டா கொதிக்குது."

கொலோன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "விடு நார்சிசா. அவ என்ன பண்ணுவா? இதெல்லாம் என் பாதுகாப்புக்குத்தான் நடக்குதாம். டிவியில சொன்னாங்க."

கார்டேனியா அங்கிருந்து நேராக முகாமுக்குப் போனாள். கேப்டன் பல்தெயோன் என்பவர் நாலாம் வகுப்பு அறையில், பிள்ளைகள் உட்காரும் குட்டி மேசையில் முட்டி இடிக்க உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது.

"கேப்டன், ஒரே ஒரு நடை. எங்க தெருவுக்கு. உங்க ஆளையே கூட அனுப்புங்க, டாங்கருக்குள்ள எறங்கி வேணும்னாலும் பாக்கட்டும்."

"முடியாது சென்யோரா."

"ஒருத்தன் சாகக் கெடக்கான். கும்பல் சுட்ட ஆளு. அந்தக் கும்பலைப் பிடிக்கத்தானே நீங்க வந்தீங்க?"

அவர் பேனாவை வைத்தார். இழுப்பறையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து அவள் முன் போட்டார். "படிங்க. ஒண்ணு ஆளுநர் ஆபீஸுக்கு, ரெண்டு தலைமையகத்துக்கு. ஜனங்களுக்குத் தண்ணி வேணும், இல்லேன்னா இங்க கலவரம் வரும்னு என் கையால எழுதினது. பதில் என்ன வந்துச்சுன்னு வெளிய எட்டிப் பாருங்க."

கார்டேனியா ஜன்னல் வழியே பார்த்தாள். முற்றத்தில் புதிதாக இரண்டு கவச வண்டிகள் நின்றன. டயரில் இன்னும் புதுக் கருப்பு போகவில்லை.

"நான் தண்ணி கேட்டேன். அதை அனுப்பியிருக்காங்க," என்றார் கேப்டன். "உத்தரவை மீறினா நாளைக்கே என்னை மாத்திடுவாங்க. வர்றவன் உங்களை இந்த ரூமுக்குள்ளயே விடமாட்டான். போங்க."

அன்று இரண்டு கேன் தண்ணீரை அடிவாரத்திலிருந்து தானே தோளில் சுமந்து நார்சிசா வீட்டில் இறக்கினாள். நாற்பத்தேழு வயது. முப்பது வருஷத்துக்கு முன் ஏறிய அதே படிகள். மூச்சு வாங்க உட்கார்ந்தவளுக்கு நார்சிசா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றிகூட. ஏசியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது அவளுக்கு.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை. காலை நடையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சார்ஜெண்ட் ஓடி வந்தார். "உடனே இன்னொரு நடை வேணும். ரெண்டு மணிக்கு துணை அமைச்சர் வர்றார். டிவிக்காரங்களோட."

"குடிக்கவா?"

"குடிக்க இல்ல. பள்ளிக்கூட முத்தத்துல புழுதி பறக்குது. தெளிச்சு அடக்கணும். கேமராவுல நல்லா இருக்காதாம்."

கார்டேனியா வண்டியில் ஏறிக் கிளம்பினாள். வரிசையில் நிற்காமல் ராணுவச் சீட்டைக் காட்டித் தண்ணீர் பிடித்தாள். சீல் வைத்தார்கள். ஒன்றரை மணிக்குச் சாவடியைத் தாண்டினாள். இடது பக்கம் எலோய்சா ஏதோ கத்தினாள். கார்டேனியா இம்முறை கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தாள்.

"எங்கடி கொண்டுபோற இவ்வளவையும்?"

"புழுதிக்கு," என்றாள் கார்டேனியா.

"எதுக்கு?"

"புழுதி அடக்க!"

எலோய்சா தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

நார்சிசா வீட்டுச் சந்து முனையில், ரோடு மிகவும் குறுகும் இடத்தில், கார்டேனியா பிரேக்கை அழுத்தினாள். கைப்பிரேக்கை இழுத்தாள். சக்கரத்துக்குக் கல் வைத்தாள். சீட்டுக்கு அடியிலிருந்து குறடை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கம்பி இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை ஈயச் சீல் துண்டாகி ரோட்டில் விழுந்தது. ஹோஸை இழுத்து நார்சிசாவின் டிரம்மில் போட்டு வால்வைத் திறந்தாள்.

தண்ணீர் டிரம்மின் அடித்தகரத்தில் விழுந்த சத்தத்துக்கே கதவுகள் திறந்தன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. குடம், வாளி, பால் கேன், பிள்ளை குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி என்று கையில் அகப்பட்டதோடு பெண்கள் வந்து நின்றார்கள். எலோய்சாதான் வரிசை பிடித்தாள். "தள்ளாதீங்கடி! வீட்டுக்கு ஒரு டிரம்! சீக்குக்காரங்க வீடு முன்னால வா!"

பதினாலாவது டிரம் நிரம்பும்போது பூட்ஸ் சத்தம் கேட்டது. எட்டுச் சிப்பாய்கள் மேலேயிருந்து ஓடி வந்தார்கள். பின்னால் கேப்டன், தொப்பி இல்லாமல்.

"வால்வை மூடுங்க."

கார்டேனியா வால்வின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னும் முப்பது வீடு இருக்கு கேப்டன்."

"சென்யோரா, அது அரசாங்க சீல். நீங்க வெட்டினது என்னன்னு தெரியுமா? நேரா ஜெயில்."

"தெரியும். தெரிஞ்சுதான் வெட்டினேன்."

ஒரு சிப்பாய் துப்பாக்கியை உயர்த்தினான். குறி யார் மேலும் இல்லை. உயர்த்தினான், அவ்வளவுதான். வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பெண்கள் ஒருவரும் நகரவில்லை. நகரப் பயந்தார்களா, நகரக்கூடாது என்று நின்றார்களா, அவர்களுக்கே தெரிந்திருக்காது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. டிரம் நிரம்பி வழிந்து ரோட்டில் ஓடியது. ஹோஸை அடுத்ததற்கு மாற்ற ஒருவருக்கும் கை எழவில்லை.

நார்சிசா வந்தாள். குனிந்து, ஹோஸை எடுத்து, அடுத்த டிரம்மில் போட்டாள். நிமிர்ந்து கேப்டனைப் பார்த்தாள். "என் வீட்டுக்காரன் உள்ள இருக்கான். வந்து மோந்து பாத்துட்டு அப்புறம் மூடச் சொல்லுங்க."

கேப்டன் நின்ற இடத்திலேயே நின்றார். "துப்பாக்கியை எறக்குடா," என்றார் சிப்பாயிடம், மெல்ல. அதற்குள் கீழேயிருந்து சைரன். துணை அமைச்சரின் வண்டிகள், இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு டிவி வேன். குறுகின ரோட்டில் டாங்கர் நட்டநடுவே நின்றதால் ஒன்றும் ஏற முடியவில்லை.

குண்டு துளைக்காத சட்டை மாட்டிய ஒருவர் இறங்கினார். அவர்தான் துணை அமைச்சர். கேப்டன் விறைப்பாகப் போய் சல்யூட் அடித்து எதையோ சொல்ல ஆரம்பித்தார். துணை அமைச்சர் காதில் வாங்கவில்லை. பெண்களைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், வேனிலிருந்து கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குகிறவனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம்!" என்றார். "பிரமாதமான ஏற்பாடு கேப்டன்!"

பிறகு நடந்ததை அந்தத் தெருவில் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்கள். அவர் எலோய்சாவின் கையிலிருந்து வாளியை வாங்கினார். நிரப்பினார். கேமராவுக்கு முன்னால் ஒரு கிழவரிடம் நீட்டினார். கேமரா சரியாக வரவில்லை என்றதும் வாளியைத் திரும்ப வாங்கி மறுபடி நீட்டினார். "அரசாங்கம் உங்களோடு இருக்கிறது" என்றார். கார்டேனியா வால்வை விட்டுக் கையை எடுக்காமல், ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச வாயைத் திறந்தால் தண்ணீர் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கேமரா ஓடுகிற வரையில் வால்வும் ஓடும். நாற்பத்தேழு டிரம் நிரம்பின.

இரவுச் செய்தியில் அது வந்தது. மீட்கப்பட்ட குன்றில் ராணுவம் தண்ணீர் வழங்கியது என்றார்கள். கார்டேனியாவின் முதுகு ஓரமாகத் தெரிந்தது. அதைப் பார்க்க அவள் வீட்டில் இல்லை. மாலை ஐந்து மணிக்கே கேப்டன் ஆளனுப்பிவிட்டார். ஸ்டேஷனுக்கு ஏற்றும்போது அவரே வண்டிவரை வந்தார்.

"சீல் வெட்டினதை மறைக்க முடியாது. எத்தனையோ பேர் பாத்துட்டாங்க," என்றார்.

"உங்க கடிதத்தைத்தான் ஒருத்தரும் பாக்கலை," என்றாள் கார்டேனியா.

இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். பாதுகாப்பு நடவடிக்கைக்கு இடையூறு, அரசாங்க முத்திரையைச் சேதப்படுத்தியது என்று வழக்கு. இலவசமாக வாதாட வந்த வக்கீல் டிவிப் படத்தை நீதிபதிக்குப் போட்டுக் காட்டி, "ராணுவமே கொடுத்த தண்ணீரென்றால் இடையூறு எங்கே வந்தது?" என்று கேட்டார். நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் வந்து கையெழுத்துப் போடச் சொல்லி வெளியே விட்டார். லாரி மட்டும் வழக்கு முடியும்வரை போலீஸ் கொட்டடியில்.

டிவியில் காட்டிவிட்டதால் மற்ற பத்து லாரிகளில் மூன்றுக்குச் சீட்டுக் கிடைத்தது. கொலோனை எதிர்க்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்தை வெளியே வாங்கிவரச் சொன்னார்கள். ஊசிக்குழாய், பஞ்சு, எல்லாமே. எலோய்சா வீடு வீடாகப் போய்த் திரட்டினாள். பன்னிரண்டு நாள் கழித்துப் பாதி உடம்பாகத் திரும்பி வந்தான். நார்சிசா அன்றுதான் கார்டேனியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன்னை அன்னைக்கு மனசுக்குள்ள எப்படி எப்படியெல்லாம் திட்டினேன் தெரியுமாடி," என்றாள். "தெரியும்டி, முகத்துல எழுதியிருந்துச்சு," என்றாள் கார்டேனியா.

செப்டம்பரில் ராணுவம் வேறொரு குன்றுக்கு மாறிப் போனது. கேப்டன் பல்தெயோனை அதற்கு முன்பே எல்லைப் பக்கம் தூக்கியடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. கக்கூஸ் கதவுகளைக் காணோம். மூன்றாவது வாரம் தடுப்பூசிக்காரர்கள் புது மோட்டார் சைக்கிளில் வந்து, எதுவும் நடக்காதது போல லாரிகளை எண்ணிக்கொண்டு போனார்கள்.

அந்த மாதம்தான் அமைச்சகத்திலிருந்து ஒரு பெண் கணக்கெடுக்க வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். நார்சிசா வீட்டு வாசலில் நடத்தும் மீன்குழம்புக் கடையில் உட்கார்ந்திருந்த கார்டேனியாவிடம் கேட்டாள். "உங்க பகுதிக்கு அரசாங்கம் முதல்ல கொடுக்கவேண்டியது எது? பாதுகாப்பா, குடிதண்ணியா?"

"ரெண்டும்."

"ஏதாவது ஒண்ணுதான் அழுத்த முடியும்க்கா. ரெண்டும்னு போட்டா இது அடுத்த பக்கத்துக்குப் போகாது."

"உன் வீட்டுல கதவும் இருக்கா? குழாயும் இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டுல எதைக் கழட்டித் தர்ற?"

நார்சிசா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. டேப்லெட்டையே பார்த்தபடி, "எனக்கு இந்தத் தெருவுல இன்னும் இருபது வீடு முடிக்கணும்க்கா," என்றாள். வெயிலில் அவள் உதடு வெடித்திருந்தது. கார்டேனியாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நார்சிசாவிடம் சொல்லி ஒரு கிண்ணம் குழம்பும் வாழைக்காய் வறுவலும் வைக்கச் சொன்னாள். "உனக்கு எது தோணுதோ அதை அழுத்திக்கோ. ஆனா நான் ரெண்டும்னுதான் சொன்னேன்னு உங்க மேலதிகாரிகிட்ட வாயால சொல்லு. சொல்லுவியா?"

சொல்கிறேன் என்றாள். சொன்னாளோ இல்லையோ.

பதினாலு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டபிறகு, சாட்சி சொல்ல யாரும் வராததால் வழக்கு தள்ளுபடியானது. கொட்டடியில் வெயிலில் நின்ற லாரிக்கு இரண்டு டயர் போயிருந்தது. பேட்டரியை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எல்லாம் மாட்டி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு வந்தபோது முன்னால் ஒன்பது லாரிகள் நின்றன. பின்னால் போய் நின்றாள். வரிசை ஓரத்தில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்த தடுப்பூசிக்காரன் அவள் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டான். அவளும் கண்ணாடியை இறக்கி, அவன் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். பதினொரு மணிக்கு அவள் முறை வந்தது.